“எங்கே வந்துக்கிட்டிருக்க?” என்று கேட்கும் சேலத்து முதலாளிமார்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

ஜவுளிக்கடை, நகைக்கடை, செவ்வாய்பேட்டை மண்டி, வெள்ளிப் பட்டறை, ஆஸ்பத்திரி, ஆடிட்டர் ஆபீஸ் என்று சேலத்தில் நாலு பேருக்காவது சம்பளம் போடுகிற எல்லோருக்கும் இந்தக் கடிதம். நான் அம்மாப்பேட்டைப் பக்கம் டூவீலர் மெக்கானிக். உங்களிடம் வேலை பார்க்கிறவர்களின் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், வீராணம் பக்கமிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் கடை தெரியும். பஞ்சரோ, கிளட்ச் கேபிள் அறுந்ததோ, காலை எட்டரைக்கு மேல் வந்து நிற்பார்கள். வண்டியை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே “அண்ணே, சீக்கிரம்” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். டவுனில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ். பின்சக்கரத்தில் பஞ்சர். டயரைக் கழற்றும்போது பார்த்தால் நடுவில் பட்டன் ஒன்றுகூட இல்லை, ஒரு இடத்தில் உள்நூல் வெளியே தெரிகிறது. “தம்பி, இது மழையில் நிக்காது, மாத்திடு” என்றேன். “சம்பளம் வரட்டும்ணே, பத்து நாள் ஓடுமா பாருங்க” என்றான். அதற்குள் போன் அடித்தது. எடுத்த உடனே, “வந்துட்டேன் சார், அஞ்சு ரோடு சிக்னல்ல நிக்கிறேன்” என்றான். நின்றது என் கடைக்கு முன்னால், அதுவும் பின்சக்கரம் இல்லாத வண்டிக்குப் பக்கத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை. ட்யூபை மாட்டி, காற்றடித்து, நட்டை முறுக்கி முடிக்கிற வரை மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டிய வேகத்தில் கிளம்பிப் போனான். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது அந்த போன் பற்றி.

சாலைப் பாதுகாப்பு என்றாலே எல்லோரும் போலீசுக்கும் மாநகராட்சிக்கும் மனு எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் ஒருவன் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான், எந்தப் பதற்றத்தில் ஓட்டுகிறான், எந்த டயரில் வருகிறான், ராத்திரி எந்தக் களைப்பில் திரும்புகிறான் என்பதெல்லாம் வண்டியை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்கிறவர்களில் நீங்களும் ஒருவர். உங்களுக்கு யாரும் எழுதின மாதிரி தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நம் தமிழ்நாடுதான் முதலிடம்.

வேகமாக வந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். வீட்டிலிருந்து கடை பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குள் சராசரி 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 24 நிமிடம். சந்துபொந்தில் புகுந்து, ஆரஞ்சு விளக்கில் பாய்ந்து, சராசரியை 30-க்குக் கொண்டுவந்தால் 20 நிமிடம். மிச்சம் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்காக அவன் இடையிடையே அறுபதில் போக வேண்டியிருக்கும். நாற்பதில் போகிறவன் ஆபத்தைப் பார்த்துப் பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், ஏறக்குறைய இருபது மீட்டர் வேண்டும். அறுபதில் போனால் நாற்பது மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கிற தூரம் இரண்டு மடங்கு. ரோடு ஈரமாக இருந்து டயரும் வழுக்கையாக இருந்தால் நான் கணக்குச் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஈடாக உங்கள் கடையில் என்ன சட்டம்? பல இடங்களில் ஒரே மாதிரிதான்: கைரேகை மிஷினில் ஒன்பது மணி தாண்டினால் லேட், மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் கட். அந்த மிஷினுக்குக் குரங்குச்சாவடியில் கன்டெய்னர் திரும்பியதும் தெரியாது, சீலநாயக்கன்பட்டி பைபாஸில் மழை பிடித்ததும் தெரியாது. ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் முழுதாகத் திறந்தாகிவிட்டது, நல்ல விஷயம்தான், தாண்டிப் போகிறவர்கள் மேலேயே போய்விடுகிறார்கள். உங்கள் கடைக்கு வருகிறவன் கீழேதான் வந்தாக வேண்டும். கீழே டவுன் பஸ், ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ, நடுவில் இவன்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒருவன் செய்வதைச் சிக்னலில் நின்று பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற டவுன் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிற இரண்டு அடி இடைவெளியில் இடது பக்கமாகப் புகுவான். படியில் இறங்குகிற பாட்டிக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீயும் அவருக்குத் தெரியவில்லை என்று என்னிடம் வருகிற பையன்களிடம் சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள். ஆனால் மூன்றாவது லேட் தலைக்கு மேல் தொங்கும்போது இந்தப் பாடமெல்லாம் நினைவில் நிற்காது.

அதனால் முதல் விண்ணப்பம், பதினைந்து நிமிடச் சலுகை. தினமும் வேண்டாம் என்றால் மழை நாளிலாவது கொடுங்கள். காலையில் நீங்களே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்: “மழை பெய்யுது, மெதுவா வாங்க, இன்னைக்கு லேட் கிடையாது.” இதைப் பயன்படுத்திக்கொண்டு தினமும் லேட்டாக வருகிறவன் ஒருவன் இருப்பான். இருக்கத்தான் செய்வான், எனக்கும் கடையில் இரண்டு பையன்கள் உண்டு, தெரியும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம். அவன் ஒருவனுக்காக மற்ற ஒன்பது பேரையும் ஓட விடாதீர்கள்.

அடுத்தது போன். வேலைக்கு வந்துகொண்டிருக்கிறவனை, அவன் வண்டியில்தான் இருப்பான் என்று தெரிந்தே, “எங்கே வந்துக்கிட்டிருக்க?” என்று கூப்பிடாதீர்கள். கூப்பிடுவதால் அவன் ஒரு நிமிடம்கூட முன்னதாக வரப்போவதில்லை. பாக்கெட்டில் போன் அடித்ததும் பெயரைப் பார்க்க இரண்டு நொடி குனிவான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு நொடியில் வண்டி 22 மீட்டர் போய்விடும். இரண்டு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளத்துக்கு அவன் ரோட்டையே பார்க்கவில்லை. முதலாளி நம்பர் என்றால் எடுக்காமலும் இருக்க முடியாது. அதனால் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொள்வான். போன் உள்ளே போக வேண்டும் என்பதற்காகவே தாடைப் பட்டையைத் தளர்த்தி விட்டுக்கொள்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். விழுகிற நேரத்தில் ஹெல்மெட் முதலில் பறக்கும், தலை அப்புறம்தான் தரையில் படும். ஒரு நடைமுறை வைத்துவிடுங்களேன்: எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரைக்கும் ஆபீஸிலிருந்து யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. கேட்க வேண்டியதை மெசேஜில் போட்டால் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஹெல்மெட் பற்றிச் சட்டம் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் ரோட்டோரத்தில் தொப்பி மாதிரி ஒன்று விற்கத்தான் செய்கிறது, போலீசைப் பார்த்ததும் மாட்டிக்கொள்வதற்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அது சரியான ஹெல்மெட்டை, பட்டையைப் பூட்டிப் போட்டால்.

தீபாவளிக்கு நீங்கள் ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் டப்பாவும் கொடுக்கிறீர்கள். ஒரு வருடம் அதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். அளவு பார்த்து வாங்க வேண்டும், எல்லோருக்கும் மீடியம் என்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். கன்னத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைப் பிறகு போடக் கூடாது, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

கொடுத்தால் மட்டும் போதாது, வைக்க இடம் வேண்டும். பெரிய பெரிய ஷோரூம்களில் வாடிக்கையாளருக்கு ஏ.சி., காபி எல்லாம் இருக்கும். ஊழியர் ஹெல்மெட்டை வைக்க ஒரு பலகை இருக்காது. வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பகலெல்லாம் வெயில், சாயங்காலம் மழை. உள்ளே இருக்கிற பஞ்சு தண்ணீர் குடித்து ஊறி, மறுநாள் நாற்றம் எடுக்கும். அதைத் தலையில் போடு என்றால், குறிப்பாகத் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வரும் பெண்களிடம் சொன்னால், அவர்கள் முகம் சுளிப்பதில் தப்பே இல்லை. குடோனில் ஒரு சுவரில் வரிசையாக ஆணி, ஒரு பழைய ஃபேன். செலவு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். உங்கள் ஊழியர்களின் வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற குறைகள் எஞ்சினில் இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கடன் வாங்கியாவது சரி செய்துவிடுவார்கள், ஏனென்றால் வேலைக்கு வர வேண்டும். பிரேக் பாதி பிடித்தால்கூட வண்டி ஓடும், அதனால் தள்ளிப்போடுவார்கள். பின்பிரேக் டிரம்மில் ஒரு அம்புக்குறி இருக்கும், பிரேக்கை மிதித்துப் பார்த்தால் லைனர் தேய்ந்திருக்கிறதா என்று அதுவே காட்டிவிடும். டயர் பள்ளத்துக்குள் குட்டி மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கிறது, டயர் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்தால் மாற்ற வேண்டும். இரண்டையும் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. இன்னொன்று முன்பிரேக். நிற்கிற சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான். ஆனால் முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து காலத்துக்கும் பின்பிரேக்கையே மிதிக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் வண்டியில் முன்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியே போயிருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரைக்குமான புது வண்டிகளில் ஒரு பிரேக்கை அமுக்கினால் இரண்டு சக்கரமும் பிடிக்கிற ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் ஓட்டுவதோ பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அதற்கு முந்தைய வண்டி. கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்கிறவர்களும் வருகிறார்கள், வண்டிக்கு லுக் இல்லையாம். நான் கழற்றுவதில்லை, அடுத்த கடையில் கழற்றிக்கொள்கிறார்கள்.

பிரேக் ஷூ, டயர் இரண்டும் சேர்த்து சில ஆயிரம் ரூபாய். உங்களுக்கு அது ஒரு டீ பார்ட்டி. பதினைந்தாயிரம் சம்பளக்காரனுக்கு அது இருபதாம் தேதிக்கு மேல் நடக்காத காரியம். கல்யாணம், காதுகுத்துக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள் அல்லவா, டயருக்கும் கொடுங்கள். மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயமாக, உங்கள் தெருமுனையில் இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டு எல்லா வண்டியையும் வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். என்னையே கூப்பிட வேண்டும் என்றில்லை. உங்கள் பக்கத்துக் கடைக்காரனுக்கு ஒரு நாள் பிழைப்பு நடக்கட்டும்.

வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. கொலுசு ஒரே இடத்தில் முழுசாக ஆவதில்லை. கம்பி இழுக்க ஒரு வீடு, பற்றவைக்க ஒரு வீடு, மெருகுக்கு ஒரு வீடு. இடையில் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒரு பையன், மோட்டார் சைக்கிளில். சரக்கு விலையுயர்ந்தது, “எங்கேயும் நிக்காதே, நேரா வா” என்றுதான் அனுப்புகிறீர்கள். நியாயம்தான். ஆனால் பையை ஹேண்டில் பாரில் மாட்டிவிடுகிறானே, அதைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் கனம் தொங்கினால் வண்டி தானாக அந்தப் பக்கம் இழுக்கும், சட்டென்று ஒடிக்கவும் முடியாது. முதுகில் மாட்டுகிற பை ஒன்று வாங்கிக் கொடுத்தால் திருட்டுப் பயமும் குறையும். மண்டிச் சரக்கையும் நூல் மூட்டையையும் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பின்பிரேக்கில் கால் எட்டாது. அதற்கு ஒரு ஆட்டோ பிடிக்கிற காசு உங்கள் கல்லாவில் இருக்கிறது.

ராத்திரி விஷயம் கொஞ்சம் கசக்கும். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தமே 2021-இல்தான் வந்தது. இன்னும் பகல் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று பத்தரை மணி வரைக்கும் வைத்திருந்து, அப்புறம் இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போ என்கிறோம். ஆத்தூர் ரோட்டில் அந்த நேரத்துக்கு லாரிகள்தான் அதிகம். சீசன் நாட்களிலாவது தூரத்து ஆட்களை முதலில் அனுப்புங்கள், அல்லது ஒரு வேன் பேசிவிடுங்கள்.

“கடைக்குள் நடந்தால் என் பொறுப்பு, ரோட்டில் நடப்பதற்கு நான் என்ன செய்வேன்” என்று கேட்பீர்கள். சட்டம் இப்போது அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. வேலைக்கு வரும் வழியிலோ, வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால், பணியில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அப்போது பொருந்திய 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தையும் அதே மாதிரிதான் படிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இறந்தவர் மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை மூன்று மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில், 2003-இல் இறந்தார். குடும்பத்துக்குத் தீர்ப்பு வர 22 வருடம். இ.எஸ்.ஐ.யில் பெயர் பதியாமல் ஆள் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஏற்காட்டில் லாட்ஜும் ரெசார்ட்டும் நடத்துகிறவர்களே, உங்கள் ஆட்களில் பலர் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ராத்திரி அதே இருபதும் இறங்குகிறார்கள். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பாதி மலையில் பிடிக்காமல் போகும், இரண்டாவது கியரில் இறங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. பனிமூட்டம் இறங்கிய இரவில் ஒரு டார்மிட்டரி கட்டிலைத் தந்து, காலையில் போகச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சாவி. பல கடைகளில் சாவி இருப்பது ரொம்ப நாள் வேலை பார்க்கிற, நம்பிக்கையான ஆளிடம். அவர்தான் பெரும்பாலும் ரொம்ப தூரத்தில், சொந்த வீடு கட்டிக்கொண்டு மல்லூரிலோ ஓமலூரிலோ இருப்பார். அவர் வராவிட்டால் ஷட்டர் திறக்காது, வாசலில் எட்டுப் பேர் நிற்பார்கள், வாடிக்கையாளரும் நிற்பார். அந்தப் பயத்திலேயே அவர் தினமும் பறந்து வருகிறார். கிச்சிப்பாளையத்திலோ குகையிலோ நடந்து வருகிற தூரத்தில் இருப்பவரிடம் இன்னொரு சாவி போட்டுக் கொடுங்கள். நாளைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை டூவீலர் மெக்கானிக் ஒருவர்